தண்ணீர் காட்டாத கயிறு

புளிச்சங்கீரையைக் கடைந்து சோற்றில் பிசைந்து சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தச் செடி ஆள் உயரம் தாண்டி வளரும் என்பது தெரியாது. கிள்ளாமல் விட்டால் ஐந்து மாதத்தில் பத்தடி நிமிர்ந்துவிடும். பூத்து முடித்ததும் அடியோடு அறுத்து, கட்டுக்கட்டாகக் குட்டையில் அமுக்கி, மேலே சேறு அப்பிக் கல் ஏற்றிவிட வேண்டும். பன்னிரண்டு, பதினைந்து நாளில் தண்டுக்கும் பட்டைக்கும் நடுவே இருக்கும் பசை அழுகிக் கழன்றுபோகும். குட்டைத் தண்ணீர் கருத்துவிடும், ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கும். பிறகு பட்டையை உரித்து, கட்டையால் தட்டி, அலசிக் காயவைத்தால் வெளிறிய மஞ்சள் நிறத்தில் நீள நீளமாக நார் கிடைக்கும். அந்த நாரைத் திரித்து மாட்டுக்கும் ஆட்டுக்கும் கயிறு போடுவதுதான் சந்திரலேகாவின் வேலை. நைலான் கயிறு கழுத்தை அறுக்கும் என்று தெரிந்த மாட்டுக்காரர்கள் சேத்தியாத்தோப்பிலிருந்துகூட வந்து வாங்கிப் போவார்கள்.

புவனகிரிக்கு மேற்கே, வெள்ளாற்றின் வடகரையில் அறுபது வீடுள்ள ஊர் அது. அவள் கணவன் மணவாளன் புதுச்சேரியில் கொத்தனார் வேலை பார்த்துக்கொண்டு பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வந்து போவான். வீட்டுக்குப் பின்னால் ஆறு சென்ட் தோட்டம். அதில் ஒரு அவரைப் பந்தல், இரண்டு பாத்தி கத்தரி, வரப்போரம் மிளகாய். ஆடு மூன்று.

தை மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் முற்றத்தில் ஒரு புதுக் கயிற்றை முடித்துப் போட்டிருந்தாள். மூன்று புரிக் கயிறு. புரி ஒவ்வொன்றையும் வலப்பக்கமாக முறுக்கி, மூன்றையும் சேர்த்து இடப்பக்கமாகத் திரிக்க வேண்டும். புரி பிரிந்துகொள்ளப் பார்க்கும் திசையும் கயிறு இறுகும் திசையும் ஒன்றாகிவிடுவதால், ஒன்றின் அவசரமே மற்றதைப் பூட்டி வைக்கும். நடுவில் ஒரு முடிச்சுகூட இல்லாமல் கயிறு கயிறாகவே நிற்பது இதனால்தான். ஆனால் புதுக் கயிற்றை அப்படியே யாரிடமும் கொடுக்க மாட்டாள். ஒரு நாள் தொட்டியில் ஊறப்போட்டு, இரண்டு மரத்துக்கு நடுவே ஈரத்தோடு இழுத்துக் கட்டி, வெயிலில் காயவிட்ட பிறகுதான் கொடுப்பாள். தண்ணி காட்டுவது என்பாள் அதை. இந்தக் கயிறு இன்னும் தண்ணீரைப் பார்க்கவில்லை.

மறை ஆடு முந்தாநாள் இரண்டு குட்டி போட்டிருந்தது. வெள்ளையில் கருப்புத் திட்டு விழுந்த ஆடு. காலையில் குட்டிகளுக்குப் பால் ஊட்டியதும், நாய்க்கும் காக்கைக்கும் பயந்து அவற்றைப் பஞ்சாரக் கூடைக்குள் கவிழ்த்துவிட்டு, தாயை வாய்க்கால் கரையில் மேய்ச்சலுக்குக் கட்டியிருந்தாள். பிறந்து மூன்று நாளே ஆன குட்டிக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் வேண்டும். அதுவும் தாயின் மடிப் பால். முதல் சில நாள் சுரக்கிற கெட்டிப் பாலுக்கு மாற்று எந்தக் கடையிலும் இல்லை.

அவள் குட்டைப் பக்கம் நார் தட்டிக்கொண்டிருந்தபோது ஆடு கத்தும் சத்தம் கேட்டது. ஆடு கத்துவது புதிதல்ல. கத்தல் பாதியில் அறுந்துபோனதுதான் அவளை நிமிரவைத்தது. வாயில் டேப் சுற்றினால் மட்டுமே அப்படி அறுபடும். கையில் இருந்த நார்க்கட்டையோடு ஓடினாள்.

வாய்க்கால் பாலத்தில் வெள்ளை வேன் ஒன்று பின்கதவைத் திறந்தபடி நின்றது. உள்ளே மறை ஆடும், பக்கத்து வீட்டுப் பட்டம்மாளின் சினை ஆடும் கிடந்தன. இன்னொரு ஆட்டை இழுத்துக்கொண்டிருந்தவன் இவளைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டு வேனைப் பிடிக்க ஓடினான். வேன் அவனுக்காக நிற்கவில்லை.

ஆறு மாதத்தில் அந்த ஊரில் பதினோரு ஆடு போயிருந்தது. போலீசில் எழுதிக் கொடுத்த புகாருக்கு ஒரு ரசீது வந்ததோடு சரி. அதனால் அவள் போட்ட ஒரு சத்தத்துக்கு ஊரே வெளியே வந்தது. தப்பிக்கப் பார்த்தவன் குறுக்கு வழி என்று நினைத்துக் குட்டைக் கரையில் இறங்கினான். ஊறப்போட்ட கட்டுகளின் மேல் அப்பிய சேறு காய்ந்து, பார்க்கத் தரை மாதிரியே இருக்கும். ஊர்க்காரன் எவனும் அதில் கால் வைக்க மாட்டான். இவன் வைத்தான். இடுப்பு வரை உள்ளே போனான். அழுகின தண்டுகளுக்கு நடுவே கால் சிக்கிக்கொண்டது.

நாலு பேர் அவனைத் தலைமுடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார்கள். இருபத்தைந்து வயதிருக்கும், ஒல்லி. முதல் அடி சந்திரலேகா அடித்ததுதான். நார்க்கட்டை புளிய மரத்தில் செய்தது, இரண்டு கிலோ எடை. அது அவன் முழங்காலுக்குக் கீழே எலும்பில் விழுந்த சத்தம் அவள் தோள் வரைக்கும் வந்தது. அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. இன்னொன்று போட்டாள்.

பிறகு அடிக்க அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. அவனை அவள் வீட்டுப் பின்பக்கத்துப் புங்கமரத்தடிக்கு இழுத்து வந்தார்கள். வழியில் கத்தரிப் பாத்தி இரண்டும் மிதிபட்டுக் கூழாயின. கையில் ஒன்றும் இல்லாதவர்கள் அவரைப் பந்தலின் குச்சிகளை உருவிக்கொண்டார்கள். ஒரு பந்தலை நிறுத்துவது நாலு மூலைக் கால் என்று நினைப்பார்கள், அது தப்பு. நடுக்குச்சிகள்தான் கொடியின் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஏழெட்டு போனதும் காயும் பூவுமாக இருந்த பந்தல் மொத்தமும் பெருமூச்சு விடுவது போலச் சாய்ந்து தரையில் படுத்தது. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கட்டுவதற்குக் கயிறு எங்கே என்று கேட்டது அவள் கொழுந்தன் ராஜ்கமல். மணவாளனின் தம்பி. டிராக்டர் வைத்திருக்கிறான், கோபத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பவன். முற்றத்தில் கிடந்த புதுக் கயிற்றை அவனே எடுத்து வந்தான். ஆனால் அவனுக்குக் கட்ட வரவில்லை. நைலானுக்குப் பழகிய கை, இரண்டு தடவை முடிச்சு வழுக்கியது. அவள் வாங்கிக்கொண்டாள்.

சந்தைக்குக் கொண்டு போகிற ஆட்டின் காலை எப்படிக் கட்டுவார்களோ அப்படியே கட்டினாள். இரண்டு மணிக்கட்டையும் மரத்துக்குப் பின்னால் சேர்த்து, எட்டுப் போலச் சுற்றி, இரண்டு கைக்கும் நடுவே குறுக்கே நாலு சுற்று. குறுக்குச் சுற்றுதான் பூட்டு. அது இல்லாவிட்டால் திமிறத் திமிறத் தளரும், அது இருந்தால் திமிறத் திமிற இறுகும். முழங்காலை மரத்தில் ஊன்றி இழுத்து முடிந்தாள். உள்ளே பஞ்சாரத்தில் குட்டிகள் கத்தின. மணி பத்தரை.

பேர் என்ன என்று பட்டம்மாள் கேட்டாள். அவன் செந்தமிழ்செல்வன் என்றான்.

"ஆடு திருடுற நாய்க்கு ஆயி அப்பன் வெச்ச பேரப் பாரு," என்று அவள் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே விளக்குமாற்றின் அடிப்பக்கத்தால் அவன் வாயில் குத்தினாள். போன மாதம் அவளுக்கு ஒரு கிடா போயிருந்தது. இன்று சினை ஆடு.

சந்திரலேகாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அதை அவள் அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்டாள்.

"என் ஆட்ட எங்கடா ஏத்திக்கினு போனான் ஒன் கூட்டாளி? குட்டி பசியில கெடக்குது. அத்த மட்டும் சொல்லு."

அவன் இரத்தத்தைத் துப்பிவிட்டுத் தலையை ஆட்டினான். சொல்கிறேன் என்றான். சிதம்பரத்தில் என்று ஆரம்பித்தான். அதற்குள் ராஜ்கமலின் மண்வெட்டிக் காம்பு பக்கவாட்டில் வந்து அவன் தாடையில் இறங்கியது. பேச ஆரம்பித்தவனை எதற்கு அடித்தான் என்று பின்னால் கேட்டபோது, கை ஏற்கெனவே கிளம்பிவிட்டது என்றுதான் ராஜ்கமலால் சொல்ல முடிந்தது. தாடை ஒரு பக்கமாக விலகி, கீல் கழன்ற கதவு மாதிரித் தொங்கியது. அவன் வாயிலிருந்து அதற்கப்புறம் வந்த எதுவும் சொல்லாக இல்லை. தலை மார்பில் விழுந்தது.

சிதம்பரம் சின்ன ஊரில்லை, அதற்குள் நூறு தெரு. அவள் கொழுந்தனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனாள். பசும்பாலை வெதுவெதுப்பாக்கி, துணித் திரியில் நனைத்து, சின்னக் குட்டியின் வாயில் வைத்தாள். அது நாக்கால் தள்ளியது. மறுபடி வைத்தாள். குட்டி பாலை உறிஞ்ச வேண்டும் என்றால் அதற்கு முதலில் தலையைத் தூக்கி முட்ட மடி வேண்டும். முட்டினால்தான் அதன் தொண்டை திறக்கும். இவள் விரல் மடியில்லை என்று அதற்குத் தெரிந்திருந்தது. அதன் காதைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. ஆட்டுக்குட்டிக்கு உயிர் குறைவதை முதலில் காது சொல்லும்.

வெளியே மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

அவள் எட்டிப் பார்த்தபோது ராஜ்கமல் தோட்டத்து டியூபை அவன் மேல் பிடித்துக்கொண்டிருந்தான். மயக்கம் தெளியட்டும் என்பது ஒரு காரணம். குட்டை நாற்றம் தாங்கவில்லை என்பது இன்னொன்று. தலை, மார்பு, கை, கட்டு எல்லாவற்றின் மேலும் தண்ணீர் அடித்தது. எத்தனை நேரமாய் அடிக்கிறான் என்று கேட்டாள். கால் மணி நேரம் இருக்கும் என்றார்கள்.

நைலானுக்குத் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை, நனைந்தாலும் நைலான் அதே நைலான். நார் அப்படியில்லை. நார் தண்ணீரைக் குடிக்கும். குடித்தால் நீளாது, பருக்கும். ஒரு புரி பருத்துவிட்டால் அதைச் சுற்றி வரும் இன்னொரு புரிக்குப் போக வேண்டிய தூரம் கூடிவிடும். அந்தக் கூடுதல் தூரத்துக்குக் கயிறு எங்கே போகும்? தன் நீளத்திலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். அதனால் நனைந்த நார்க்கயிறு தடிக்கும், தடித்த அளவுக்குச் சுருங்கும். மழை நாளில் கொடிக்கயிறு விறைத்துக்கொண்டு நிற்பது இதனால்தான். பழைய கயிற்றில் இந்த வேகம் அடங்கியிருக்கும். புதுக் கயிறு, தண்ணீரே காட்டாதது, முழு வேகத்தையும் முதல் நனைப்பில் காட்டும்.

அவள் மரத்துக்குப் பின்னால் போய்க் குனிந்தாள். குறுக்குச் சுற்று சதைக்குள் புதைந்திருந்தது. விரல்கள் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்து வீங்கியிருந்தன. ஒரு நகத்தை அமுக்கிவிட்டாள். அமுக்கின இடம் வெளுத்தது, நிறம் திரும்பவில்லை. முடிச்சில் விரலை விட்டாள். ஈரத்தில் பருத்த முடிச்சு கல்லாகியிருந்தது.

கைக்கு இரத்தம் போகவில்லை, அவிழ்க்க வேண்டும் என்றாள். யாரோ சிரித்தார்கள். கை போனால் நல்லது, இனிமேல் ஆடு பிடிக்க மாட்டான் என்றான் ராஜ்கமல். அவனோடு வாதாட அவளுக்கு நேரமில்லை. அவள் கணக்கு வேறாக இருந்தது. இவன் வாய் போய்விட்டது. இனி இவன் கூட்டாளியைக் காட்டிக்கொடுக்க இருப்பது, பிடித்ததுமே ராஜ்கமல் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட இவனுடைய போன்தான். அது ஒன்பது புள்ளியில் கோடு இழுத்துத் திறக்கிற போன். எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு என்பது தெரிந்தவன் இவன் மட்டும். இவனுக்கு இழுக்க ஒரு விரலாவது உயிரோடு வேண்டும்.

உள்ளே போய்ப் புளிச்சை அறுக்கும் அரிவாளோடு வந்தாள். கூட்டம் தானாகவே வழி விட்டது. அவன் கழுத்தில் வைக்கப் போகிறாள் என்று நினைத்தார்கள். "அண்ணி, வேணாம், கேசாயிடும்," என்று ராஜ்கமலே முதலில் பதறினான். அவள் மரத்தைச் சுற்றிப் போய்க் குறுக்குச் சுற்றில் நுனியைக் கொடுத்து இழுத்தாள். ஒரு புரி அறுந்தது, இரண்டாவது அறுந்தது, மூன்றாவது தானே டப்பென்று தெறித்தது. அவன் முன்னால் குப்புற விழுந்தான்.

அவள் என்ன செய்திருக்கிறாள் என்று விளங்க அவர்களுக்கு ஒரு விநாடி ஆனது. அதற்கப்புறம் எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. எவனோ ஒருவன் விழுந்து கிடந்தவன் முதுகில் ஏறி மிதித்தான். பந்தல் குச்சி ஒன்று அவள் தோளில் முறிந்தது. ராஜ்கமல் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளினான். திருடனுக்குப் பரிந்துகொண்டு வருகிறாயா என்று கேட்டு, அண்ணன் பொண்டாட்டி என்றும் பார்க்காமல் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அவள் விழுந்த வேகத்திலேயே திரும்பினாள். அரிவாள் அவன் முன்கையில் முழங்கைக்குக் கீழே இறங்கி மணிக்கட்டு வரை இழுத்துக்கொண்டு போனது. அறுக்கிற அரிவாளுக்குப் பல் உண்டு. அது வெட்டாது, கிழிக்கும். இரத்தம் அவள் முகத்திலும் கையிலும் அடித்தது.

பட்டம்மாள் எறிந்த ஓட்டுச் சில்லு அவள் காதைக் கிழித்தது. அவள் விழுந்து கிடந்தவனின் மேல் இரண்டு காலையும் அகட்டி நின்றாள்.

"எவன் கிட்ட வந்தாலும் போடுவேன். இவன் சாவுட்டும், எனுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா என் ஆடு எங்கன்னு இந்தக் கை சொல்லணும். அது வரைக்கும் இவன் என் ஆளு."

யாரும் கிட்ட வரவில்லை. அவள் குந்திக்கொண்டு அவன் வலது கையை மடியில் எடுத்துவைத்தாள். அரிவாள் பக்கத்திலேயே இருந்தது. போன வருஷம் கயிறு சுற்றிக்கொண்டு விடியும் வரை கிடந்த ஆட்டின் காலை அவள் இப்படித்தான் மீட்டாள். முழங்கையிலிருந்து கீழ்நோக்கி, சப்பாத்தி மாவை நீட்டுவது போல அழுத்தி அழுத்தித் தள்ள வேண்டும். அவசரப்பட்டால் தோல் உரிந்துவிடும். உணர்ச்சி போகும்போது வலிக்காது. திரும்பி வரும்போதுதான் வலிக்கும், ஆயிரம் எறும்பு எலும்புக்குள் நுழைகிற மாதிரி. ஐந்தாறு நிமிஷம் கழித்து அவனுக்கு அது வந்தது. தொங்குகிற தாடையோடு அவன் போட்ட சத்தத்தைக் கேட்டுக் கூட்டத்தில் இரண்டு பெண்கள் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். அவள் நிறுத்தவில்லை. அந்தச் சத்தம் அவளுக்கு நல்ல செய்தி.

நகத்தை அமுக்கிப் பார்த்தாள். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் மெல்ல நிறம் திரும்பியது. மோதிர விரலும் சுண்டு விரலும் கருப்பாகவே இருந்தன.

போனைக் கேட்டாள். ராஜ்கமல் கைத் துண்டை முன்கையில் சுற்றிக்கொண்டு முறைத்தான். பட்டம்மாள்தான் எழுந்து போய் அவன் சட்டைப் பையில் கை விட்டு எடுத்தாள்.

"இன்னா மொறைக்கிற? என் செனை ஆடும் அங்கதான கெடக்கும்," என்றாள். ஒரு நாழிகைக்கு முன்னால் ஓட்டுச் சில்லு எறிந்த கையாலேயே போனைப் புடவையில் துடைத்துச் சந்திரலேகாவிடம் நீட்டினாள்.

முதல் தடவை விரல் வழுக்கித் தப்பான புள்ளிக்குப் போனது. இரண்டாவது தடவை பாதியில் நடுங்கி விட்டுவிட்டது. ஐந்து தடவை தப்பினால் போன் பூட்டிக்கொண்டு காத்திருக்கச் சொல்லும் என்று யாரோ பயமுறுத்தினார்கள். மூன்றாவது தடவை அவள் அவன் மணிக்கட்டைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொள்ள, விரல் மட்டும் ஊர்ந்தது. மேலே, குறுக்கே, கீழே. திறந்தது.

பத்து நிமிஷத்துக்கு முன்னால் வந்த ஒரு குரல் செய்தி அதில் கேட்கப்படாமல் இருந்தது. அவள் அமுக்கினாள். அண்ணாமலை நகரில், காலேஜ் பசங்க லாட்ஜுக்குப் பின்னாலிருக்கும் கூரை இல்லாத பழைய மெஸ்ஸில் சரக்கை இறக்கிவிட்டேன், அறுக்கிற ஆள் மத்தியானம் வருவான், நீ தப்பிச்சிட்டியா இல்லையா என்று ஒரு குரல் கேட்டது. கடைசிக் கேள்வியைக் கேட்டுக் கீழே கிடந்தவன் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தான். இன்னொன்று வீங்கி மூடியிருந்தது.

ஆறு பைக் கிளம்பியது. ராஜ்கமலும் ஒன்றில் பின்னால் ஏறினான். கிளம்புமுன் பந்தல் குச்சிகளில் நல்லதாக நாலைந்து பொறுக்கிக்கொண்டார்கள்.

அவள் 108-க்குப் போன் செய்தாள். காத்திருந்த நேரத்தில் சின்னக் குட்டியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். காதுக்குச் சூடு வரட்டும் என்று அதன் உடம்பு முழுவதையும் கையால் தேய்த்தாள். புதுச்சேரியிலிருந்து மணவாளன் கூப்பிட்டான். யாரோ சொல்லியிருக்கிறார்கள். தம்பியையா வெட்டினாய் என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டாள். ஆம்புலன்சும் போலீசும் ஒன்றாக வந்தபோது புங்கமரத்தடியில் அவளையும் கீழே கிடந்தவனையும் தவிர ஆளே இல்லை. ஏட்டு கயிற்றுத் துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். அவன் பிழைத்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலு மணிக்குத்தான் பைக்குகள் திரும்பின. பின்னால் ஒரு லோடு ஆட்டோ. மறை ஆடு உயிரோடு இருந்தது. வாயில் சுற்றின டேப்பைப் பிய்த்த இடத்தில் ரோமத்தோடு தோலும் போயிருந்தது. மடி கல் மாதிரி விம்மியிருந்தது. பட்டம்மாளின் ஆடு தோலாக வந்தது. வாசலில் விரித்துப் போட்டதும் அந்தச் செவலை நிறத்தை அவள் தடவிப் பார்த்தாள். வயிற்றிலிருந்த குட்டியை என்ன செய்தான்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். அறுத்தவனும் வேன்காரனும் என்ன ஆனார்கள் என்று கேட்டதற்குச் சுவர் ஏறிக் குதித்து ஓடிவிட்டான்கள் என்றார்கள். எடுத்துப் போன குச்சிகளில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ராஜ்கமல் போகும்போது போட்டிருந்த சட்டையும் அவன் மேல் இல்லை.

சந்திரலேகா ஆட்டைக் குட்டிகளிடம் விட்டாள். பெரியது முட்டிக்கொண்டு போய் மடியைப் பிடித்தது. ஆடு திரும்பி அதன் வாலடியை முகர்ந்துவிட்டுச் சும்மா நின்றது. சின்னது தள்ளாடிப் போனது. ஆடு முகர்ந்தது, பின்வாங்கியது, தலையைத் தாழ்த்தி ஓங்கி முட்டியது. குட்டி இரண்டு முழம் தள்ளிப் போய் விழுந்தது.

ஆட்டுக்குக் குட்டியின் முகம் தெரியாது, வாசனைதான் தெரியும். அவள் தன் கையை மூக்கருகே கொண்டுபோனாள். கொழுந்தனின் இரத்தமும் அந்தத் திருடனின் இரத்தமும் காய்ந்து, குட்டை நாற்றத்தோடு சேர்ந்து வீசியது. அந்தக் கையால்தான் மத்தியானம் முழுவதும் குட்டியைத் தேய்த்திருந்தாள். வெந்நீரில் குட்டியைக் கழுவினாள். மடிப் பாலையே கறந்து அதன் முதுகிலும் வாலடியிலும் பூசிவிட்டாள். அப்படிப் பூசினால் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளும். மறுபடி முட்டியது. இந்தத் தடவை குட்டி எழுந்திருக்கவே நேரம் எடுத்துக்கொண்டது.

அவள் ஆட்டைச் சுவரோடு நெருக்கி, விலாவில் முழங்காலை ஊன்றி, கொம்பைப் பிடித்துத் தலையைத் திருப்பி வைத்தாள். ஆடு உதைத்தது. ஒரு உதை அவள் தாடையில் பட்டது. பிடியை விடாமல், மற்றக் கையால் குட்டியின் வாயைத் திறந்து காம்பில் வைத்தாள். பால் தானாகவே பீச்சிக்கொண்டு உள்ளே போனது. குட்டி மூச்சுத் திணறிற்று, பின் விழுங்கிற்று.

ஏட்டு திரும்பி வந்து நின்றது அவளுக்குத் தெரியும், ஆனால் தலையைத் தூக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பையனுக்கு வலது கையில் இரண்டு விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்கிறார் என்றார். அடித்த அடியை யார் அடித்தது என்று பிரிக்க முடியாது, ஐம்பது பேர். இந்தக் கட்டு மட்டும் ஒரே ஆள் போட்டது, விரல் போவது இந்தக் கட்டால்தான் என்று டாக்டரே எழுதியிருக்கிறார் என்று பையிலிருந்த கயிற்றுத் துண்டைத் தூக்கிக் காட்டினார். வாசலில் நின்றவர்கள் எல்லாரும் கயிற்றைப் பார்த்தார்கள். அவளைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் யார் கட்டியது என்று தெரியவில்லை சார் என்று ராஜ்கமல் சொன்னான். கையில் கட்டுப் போட்டிருந்தவன், அதை மட்டும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சொன்னான்.

குட்டியின் வால் ஆட ஆரம்பித்தது. வால் ஆடினால் பால் வயிற்றுக்குப் போகிறது என்று அர்த்தம். ஆடு இன்னும் அவள் முழங்காலுக்குக் கீழே துடித்துக்கொண்டிருந்தது.

"நான்தான் சார் கட்டினேன்," என்றாள். "இது குடிச்சி முடிக்கட்டும். கைய வுட்டா முட்டிக் கொன்னுடும். பத்து நிமிஷம் இருங்க, வர்றேன்."

ஏட்டு வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு மணியைப் பார்த்தார்.